கண்ணுக்குத் தெரியாத பிளவுகளைத் தேடி: நில அதிர்வு ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலநடுக்கம் அடிக்கடி வரும் பகுதிகளில் சாலையோரமாகக் கேபிள் போடுவதையும், கனமான லாரிகள் நின்று நின்று தரையை அதிரவைப்பதையும் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். எதைத் தேடுகிறார்கள்? எங்களுக்கு ஆபத்து உண்டா? கிடைத்ததை வைத்து என்ன செய்வார்கள்? அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மறைந்திருக்கும் பிளவுகளை, அதாவது ஆழத்தில் பாறை உடைந்து நழுவும் தளங்களைப் பற்றிய விடை மற்றவற்றைவிட நீளமானது. இந்த ஆய்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நிலநடுக்கமானி வைத்துப் பதிவு செய்வதும் இந்த ஆய்வும் ஒன்றுதானா?

கருவிகள் ஏறக்குறைய ஒரே வகை, வேலை வேறு. நிலநடுக்கப் பதிவு நிலையம் இயற்கையான நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்கிறது. அது எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் பிறக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. நில அதிர்வு ஆய்வில் அதிர்வை நாமே உண்டாக்குகிறோம். அலை புறப்பட்ட இடமும் நேரமும் மில்லிவினாடித் துல்லியத்தில் கையில் இருப்பதால், அது எவ்வளவு ஆழம் போய்த் திரும்பியது என்பதை மிக நுணுக்கமாகக் கணக்கிட முடிகிறது.

முதலாவது முறை பூமி இப்போது எங்கே நொறுங்குகிறது என்று சொல்கிறது. இரண்டாவது, நொறுங்கும் இடத்தின் அமைப்பைக் காட்டுகிறது. பல நூறு ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் பிளவு, நிலநடுக்கமானியில் ஒரு சிறு கோடுகூட எழுதாது. அதைக் கண்டுபிடிக்க அலையை நாம்தான் அனுப்ப வேண்டும்.

பூமிக்குள் போன அலை எதில் மோதித் திரும்புகிறது?

பாறையின் அடர்த்தியும் அலைவேகமும் மாறுகிற எல்லைகளில். ஈரமான வண்டலில் அழுத்த அலை, அதாவது பி அலை, வினாடிக்குச் சுமார் 1.5 முதல் 2 கி.மீ. வேகத்தில் போகிறது. கருங்கல் போன்ற கடினப் பாறையில் 6 கி.மீ. பூமியின் மேலோட்டைத் தாண்டி, அதன் அடியில் உள்ள கவசம் என்ற அடுக்குக்குள் நுழைந்ததும் 8 கி.மீ.யை ஒட்டி எகிறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அலையின் ஒரு பகுதி எதிரொலித்து மேலே வருகிறது. மற்றது வளைந்து கீழே தொடர்கிறது.

எதிரொலியைப் பிடிப்பது ஒரு முறை. அதில் பாறை அடுக்குகளின் வடிவம் தெளிவாகத் தெரியும். வளைந்து, ஆழத்தில் வெகுதூரம் ஓடி, மீண்டும் மேலே வரும் அலைகளைப் பிடிப்பது இன்னொரு முறை. இதில் கருவிகளை நூறு, இருநூறு கி.மீ. நீளத்துக்கும் மேல் பரப்ப வேண்டியிருக்கும். வடிவம் அவ்வளவு கூர்மையாக வராது, ஆனால் எந்த ஆழத்தில் என்ன வேகம் என்பது நன்றாகத் தெரியும். வேகம் தெரியாமல் எதிரொலியின் நேரத்தை ஆழமாக மாற்ற முடியாது. எனவே பெரிய ஆய்வுகளில் இரண்டையும் சேர்த்தே செய்வார்கள்.

மேலோட்டின் அடிப்பகுதி இருப்பது தெரிந்ததே ஒரு நிலநடுக்கத்தால்தான். 1909 அக்டோபர் 8 அன்று குரோவேஷியாவில் ஜாக்ரெப் நகருக்கு அருகே நிலம் நடுங்கியது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த ஆந்திரியா மொகொரோவிசிச், ஒரே நிலநடுக்கத்திலிருந்து பி அலை இரண்டு முறை வந்து சேர்ந்ததைக் கவனித்தார். ஒன்று மேலோட்டின் வழியாக நேராக வந்தது. மற்றது ஆழத்தில் இருக்கும் வேகமான அடுக்கு வழியாகச் சுற்றி வந்தது. அந்த எல்லையை இன்று மோகோ என்கிறோம். கண்டங்களின் அடியில் அது பொதுவாக 30 முதல் 50 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. பெருங்கடலின் அடித்தளத்திலிருந்து ஆறேழு கி.மீ. இறங்கினாலே வந்துவிடும். திபெத்தில் 70 கி.மீ.யைத் தாண்டுகிறது.

படத்தில் பிளவு எப்படித் தெரியும்?

பல நேரம் பிளவு நேரடியாகத் தெரியாது. அது செய்த வேலைதான் தெரியும். நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, நடுவே வெட்டி, ஒரு பாதியை மட்டும் கொஞ்சம் இறக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்குமே, அப்படி. எந்த அடுக்கு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த அடுக்கின் வயதையும் அறிந்தால், ஆயிரம் ஆண்டுக்கு எத்தனை மீட்டர் என்ற நகர்வு வேகம் கிடைத்துவிடும். ஆழமான அடுக்கு அதிகமாகவும் மேலடுக்கு குறைவாகவும் விலகியிருந்தால், வண்டல் படிந்துகொண்டிருந்த காலம் முழுவதும் பிளவு நகர்ந்து வந்திருக்கிறது என்று பொருள்.

சாய்வு குறைந்த பிளவுகள் தாமே நல்ல எதிரொலி தரும். நசுங்கிய பாறையும் அதனுள் தேங்கிய நீரும் அலைவேகத்தைக் குறைப்பதால் அந்தத் தளம் பளிச்சென்று தெரியும்.

செங்குத்தான பிளவுகள்தான் சிரமம் தருபவை. மேலிருந்து போகும் அலையை அவை தரைக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அடுக்குகள் திடீரென அறுபடும் இடத்தையும், வேகம் குறைந்த சிதைந்த பாறையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில், பார்க்ஃபீல்டு அருகே சுமார் 3 கி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தார்கள். சுமார் 200 மீட்டர் அகலத்துக்குப் பாறை சிதைந்து கிடந்தது. அதற்குள் உண்மையில் நகர்ந்துகொண்டிருந்தவை இரண்டு மூன்று மீட்டர் தடிமனுள்ள இரண்டு பட்டைகள் மட்டுமே. அவ்வளவு மெல்லிய ஒன்றை அந்த ஆழத்தில் மேலிருந்து பிரித்துப் பார்க்க இன்றைய எந்த ஆய்வாலும் இயலாது.

நிலத்தில் வெடிப்பே இல்லாத இடத்தில் எதற்கு ஆய்வு?

அந்த இடங்களில்தான் ஆய்வு மிகவும் அவசியம். மண்ணில் தெரியும் பிளவை ஒரு புவியியலாளர் நடந்து போய், வான்படம் பார்த்து, குழி வெட்டி ஆராய முடியும். வண்டலுக்கு அடியில் புதைந்த பிளவும், மேற்பரப்பு வரை எட்டாமல் பாதியில் நின்றுவிட்ட பிளவும் எந்த வரைபடத்திலும் இருக்காது. அதற்கு மேலேதான் நகரம் வளர்ந்துகொண்டே போகும்.

1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. அது பிறந்தது சுமார் 18 கி.மீ. ஆழத்தில். பிளவு தரைக்கு எட்டவே இல்லை. அதற்கு முன்பு, 1987 அக்டோபர் 1 அன்று, அதே பெருநகரின் விட்டியர் நாரோஸ் பகுதியில் 6-ஐ நெருங்கிய நிலநடுக்கம் வந்தபோதும் மேலே ஒரு தடயமும் இல்லை. அது எந்தப் பிளவில் பிறந்தது என்பது 1999-இல்தான் தெளிவானது. எண்ணெய் நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பு எடுத்துவைத்திருந்த எதிரொலிப் படங்களையும், கிணறு தோண்டிய பதிவுகளையும், பின்னதிர்வுகள் பிறந்த இடங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நகரத்துக்கு நேர் கீழே சாய்ந்து கிடக்கும் பியூன்டே ஹில்ஸ் பிளவு துலங்கியது. பின்னர் ஆழம் குறைந்த கூர்மையான ஆய்வுகளும் துளைகளும் சேர்ந்து, கடந்த 11,000 ஆண்டுகளில் அது நான்கு முறையாவது 7-ஐத் தாண்டிய பெரிய நிலநடுக்கங்களை உண்டாக்கியிருப்பதைக் காட்டின. அந்தப் படங்கள் வேறு காரியத்துக்காக எடுக்கப்பட்டு அலமாரியில் இருந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. வேறு எத்தனை நகரங்களுக்கு அடியில் உள்ளவை இப்படிப் பெட்டிக்குள் கிடக்கின்றனவோ.

நியூசிலாந்தில் 2010 செப்டம்பர் 4 அன்று வந்த 7.1 நிலநடுக்கம், கான்டர்பரி சமவெளியில் சுமார் 30 கி.மீ. நீளத்துக்கு நிலத்தைக் கிழித்தது. கிரீன்டேல் என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தப் பிளவு அதுவரை யாருக்கும் தெரியாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சரளை அதை மூடியிருந்தது. அடுத்து 2011 பிப்ரவரி 22 அன்று, கிறைஸ்ட்சர்ச் நகரின் ஓரத்தில், மேலே எட்டாத இன்னொரு பிளவு நகர்ந்தது. அளவு 6.2 மட்டுமே, ஆனால் ஆழம் குறைவு, இடமோ நகரத்தின் காலடி. 185 பேர் இறந்தார்கள். அதிர்வூட்டும் லாரிகள் அந்த நகரத் தெருக்களில் எதிரொலி எடுத்தது அதற்குப் பிறகுதான்.

குஜராத்தின் கச்சில் 2001 ஜனவரி 26 அன்று 7.7 அளவில் வந்த நிலநடுக்கமும் இதே கதைதான். இருபதாயிரம் பேர் அளவில் பலிகொண்ட அந்தப் பிளவின் முகத்தை நிலத்தின் மேல் தேடியவர்களுக்கு வெடித்த மண்ணும் பீறிட்ட மணலும் கிடைத்தன, பிளவு கிடைக்கவில்லை.

அதிர்வை எப்படி உண்டாக்குகிறார்கள்?

நிலத்தில் பெரும்பாலும் வைப்ரோசைஸ் லாரிகள்தான். இருபது முப்பது டன் எடையுள்ள வண்டி, நடுவில் உள்ள இரும்புத் தட்டைத் தரையில் அழுத்தி, தன் எடையையே அதன்மேல் ஏற்றி, பத்து இருபது வினாடிகள் அதிரவைக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி, வினாடிக்கு எண்பது நூறு அதிர்வு வரை சீராக ஏறும். இப்படி நீட்டி அனுப்பிய அலையையும் திரும்பி வந்த பதிவையும் கணினியில் ஒப்பிட்டால், ஒரே ஒரு முறை ஓங்கி அடித்ததுபோல் எதிரொலிகள் சுருங்கித் துலங்கும். ஒவ்வொரு இடத்திலும் பல முறை செய்து கூட்டுவதால் தெருச் சத்தம் அமுங்கிவிடும்.

மேலோட்டின் அடி வரை பார்க்க வேண்டுமென்றால், ஆழமான துளைக்குள் வெடிமருந்து வைப்பது இன்றும் உண்டு. முதல் சில பத்து மீட்டரை மட்டும் பார்க்கச் சம்மட்டி அடியே போதும். கடலில் கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் அழுத்திய காற்றை நீருக்குள் ஒரே நொடியில் விடுவிக்கும். கேட்பதற்கு நிலத்தில் ஜியோபோன் என்ற அதிர்வுணரி, கடலில் நீரொலிவாங்கிகள் கோத்த பல கி.மீ. நீளக் கேபிள், கடல்தரையில் இறக்கிவைக்கும் தனிக் கருவிகள்.

இந்த ஆய்வே நிலநடுக்கத்தைத் தூண்டிவிடாதா?

தூண்டாது. ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் வெடிமருந்தின் மொத்த ஆற்றல் சுமார் 420 கோடி ஜூல். நார்த்ரிட்ஜ் அளவுள்ள நிலநடுக்கம் அலைகளாக மட்டுமே வெளியிட்டது அதைப்போல ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். வெடியின் ஆற்றலிலும் பெரும்பகுதி துளையைச் சுற்றியுள்ள பாறையை நொறுக்குவதிலேயே தீர்ந்துவிடும். அலையாக மாறுவது சிறு பங்கு. சில கி.மீ. ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது, தொலைவில் எங்கோ நடந்த நிலநடுக்கத்தின் அலைகள் அன்றாடம் அந்தப் பிளவை அசைப்பதைவிடப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனத்தில் இருக்கும் பயம் வெறும் கற்பனையல்ல. மனிதர் செய்த வேலை நிலநடுக்கத்தைத் தூண்டியது உண்டு. கழிவுநீரை ஆழத்துக்குள் அழுத்திச் செலுத்திய ஓக்லஹோமாவில் 2016-இல் பாவ்னி அருகே 5.8 வந்தது. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை நிரம்பிய பிறகு, 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் வந்ததும் அந்த வகைதான். அங்கெல்லாம் பல மாதங்கள், ஆண்டுகள் நீரின் அழுத்தம் பாறை இடுக்குகளுக்குள் பரவியது. சில வினாடி அதிர்வு அப்படி எதையும் உள்ளே விட்டுவைப்பதில்லை.

வீட்டுச் சுவருக்கு மட்டும் கவனம் தேவை. லாரிகளும் வெடித் துளைகளும் கட்டடங்கள், கிணறுகள், குழாய்களிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பழைய, பலவீனமான கட்டடம் என்றால் பக்கத்தில் அதிர்வுமானி வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

எவ்வளவு ஆழம், எவ்வளவு நுணுக்கம்?

ஆழம் கூடக்கூட நுணுக்கம் குறையும். வினாடிக்கு 6 கி.மீ. வேகமுள்ள பாறையில், வினாடிக்கு 20 அதிர்வுள்ள அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 மீட்டரைவிட மெல்லிய அடுக்கின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் பிரிக்க முடியாது. மேலடுக்கு வண்டலில் 100 அதிர்வுள்ள அலை நான்கைந்து மீட்டர் வரை பிரித்துக் காட்டும், ஆனால் ஆழத்துக்குப் போகாது. ஆகவே ஒரே பிளவை மூன்று நான்கு அளவுகளில் எடுப்பார்கள்: வேர் தெரிய ஒன்று, மேல் நுனி தெரிய ஒன்று. 30 கி.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி வந்து சேரச் சுமார் 10 வினாடி ஆகும். எண்ணெய் தேடும் ஆய்வுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே பதிவை நிறுத்திவிடும். 1975-இல் அமெரிக்காவில் தொடங்கிய கோகார்ப் திட்டம் அதே கருவிகளை வைத்து நீண்ட நேரம் கேட்டது. மேலோட்டின் முழு ஆழத்துக்கும் எதிரொலி கிடைக்கும் என்பது அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

தட்டுகள் மோதும் இடங்களில் என்ன தெரிந்திருக்கிறது?

இமயமலையில், இந்தியாவைத் தாங்கும் பெரும் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. வடக்கே நுழைகிறது. 1992-இல் தொடங்கிய இன்டெப்த் என்ற கூட்டு ஆய்வு, திபெத்தின் தெற்கு ஓரத்தில் வெடிகளின் எதிரொலியைப் பதிவு செய்து, மலைக்கு அடியில் வடக்கே மெல்லச் சாயும் ஒரே பெரிய தளத்தையும், அதற்கு வெகு கீழே, 75 கி.மீ.யை ஒட்டி, மோகோவையும் காட்டியது. பிரதான உந்துபிளவு எனப்படும் அந்தப் பெரிய தளத்தில்தான் இமயமலையின் பெரிய நிலநடுக்கங்கள் பிறக்கின்றன. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 நிலநடுக்கத்தில், அதன் ஒரு பகுதி நகர்ந்து தரையை எட்டாமலே நின்றது.

டோக்கியோவின் அடியில் நடந்த ஆய்வும் முக்கியமானது. 1923 செப்டம்பர் 1 அன்று லட்சம் பேருக்கு மேல் பலியான கான்டோ நிலநடுக்கத்துக்குக் காரணமான தட்டு எல்லை, முன்பு கணித்ததைவிட மிகவும் மேலே, 4 முதல் 26 கி.மீ. ஆழத்தில் கிடப்பதை 2005-இல் வெளியான படங்கள் காட்டின. அதிரும் தளம் நகரத்தை நெருங்கினால் குலுக்கலும் கூடும். கட்டடக் கணக்கையே திருத்த வேண்டிய செய்தி அது.

என்னை மிகவும் வியக்கவைத்தது வேறொன்று. ஜப்பானுக்குக் கிழக்கே கடலடியில் ஆழமான பள்ளமாகக் கிடக்கும் ஜப்பான் அகழியின் குறுக்கே 1999-இல் ஒரு கோட்டில் ஆய்வு செய்திருந்தார்கள். 2011 மார்ச் 11 பெருநிலநடுக்கம் முடிந்த சில நாட்களிலேயே கப்பல் அதே கோட்டில் மீண்டும் போனது. இரு பதிவுகளையும் ஒப்பிட்டபோது, அகழியை ஒட்டிய கடல்தரை சுமார் 50 மீட்டர் கிடையாக நகர்ந்திருந்தது. தட்டு எல்லையின் நுனி அமைதியாக ஊர்ந்து போகும், பெரிதாக நழுவாது என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர். பழைய பதிவு இல்லாதிருந்தால் இந்த நேரடிச் சான்று கிடைத்திருக்காது.

நிலநடுக்கம் எப்போது வரும் என்று இதனால் சொல்ல முடியுமா?

முடியாது. நாள் குறித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

எவ்வளவு பெரிதாக வரலாம் என்பதைச் சொல்ல முடியும். 40 கி.மீ. நீளமும் 20 கி.மீ. அகலமும் உள்ள பிளவு சராசரியாக ஒன்றரை மீட்டர் நழுவினால் அளவு 7-ஐத் தொடும். நீளத்தை மேலே நடந்து அளக்கலாம். அகலத்துக்கு ஆழமும் சாய்வும் தெரிய வேண்டும், அதைத் தருவது இந்த ஆய்வு. பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு பிளவுகள் ஆழத்தில் ஒன்றாகச் சேர்கின்றனவா என்பதும் இதில்தான் தெரியும். சேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நகரக்கூடும்.

குலுக்கல் எங்கே பெருகும் என்பது இன்னொரு பயன். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் நொறுங்கியபோது, நிலநடுக்கம் பிறந்த இடம் 350 கி.மீ.க்கு அப்பால். பழைய ஏரியின் களிமண் அலைகளைப் பிடித்துவைத்துப் பெருக்கியது. அத்தகைய மென்மையான அடுக்கு எவ்வளவு ஆழம் இருக்கிறது, எந்த ஓரத்தில் மேலேறுகிறது என்பதை அளந்தால் அத்தகைய தெருக்களை முன்கூட்டியே குறித்துவைக்கலாம்.

படத்தை அப்படியே நம்பலாமா?

படம் ஒரு விளக்கம்தான். அலைவேகத்தில் சில விழுக்காடு பிசகினாலும் பிளவின் சாய்வு மாறிவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் எதிரொலி ஆழத்திலிருந்து வந்ததுபோல் ஏமாற்றும். ஒரே படத்தில் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகக் கோடு போடுவது சாதாரணம். அதனால் துளைப் பதிவு, ஈர்ப்பு அளவீடு, ஜிபிஎஸ் நகர்வு, சிறு நிலநடுக்கங்களின் இருப்பிடம், பிளவின் குறுக்கே வெட்டிய குழி ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

லாரி நுழைய முடியாத நெரிசலான நகரத்தில் என்ன செய்வது?

நகரத்தின் இரைச்சலையே பயன்படுத்தலாம். வண்டிகளும் ரயில்களும் கடலலைகளும் எழுப்பும் அதிர்வைப் பல கருவிகளில் வாரக்கணக்கில் பதிவு செய்து ஒப்பிட்டால், கீழே உள்ள வேகம் புலப்படும். 2011-இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் ஐயாயிரத்துக்கும் அதிகமான சிறு கருவிகளைப் பரப்பி எடுத்த பதிவு, நியூபோர்ட்-இங்கிள்வுட் பிளவுப் பகுதியை இப்படிக் காண உதவியது. தெருவுக்கு அடியில் ஏற்கெனவே புதைந்திருக்கும் கண்ணாடி இழைக் கேபிளுக்குள் லேசர் துடிப்பை அனுப்பி, அதையே ஆயிரக்கணக்கான உணரிகளாக மாற்றும் முறையும் வந்துவிட்டது.

கண்டுபிடித்ததை வைத்து அரசு என்ன செய்கிறது?

இடத்துக்கு இடம் மாறும். 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் பிளவு வீடுகளைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்த கலிபோர்னியா, மறு ஆண்டே ஆல்கிஸ்ட்-பிரியோலோ சட்டம் கொண்டுவந்தது. இயங்கும் பிளவின் மேல் மனிதர் புழங்கும் கட்டடம் கூடாது. பொதுவாக 50 அடி தள்ளித்தான் கட்ட வேண்டும். ஆனால் அது தரையில் கிழிசல் காட்டும் பிளவுக்கான சட்டம். நார்த்ரிட்ஜ் போன்ற மறைவான பிளவு அதில் வராது. அது அதிர்வு அபாய வரைபடம் வழியாகக் கட்டட விதிகளுக்குள் நுழைகிறது. அந்த வரைபடத்தில் இடம்பெற, யாராவது முதலில் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்கு ஆய்வுக் குழு வந்தால் நாங்கள் என்ன செய்யலாம்?

தரையில் குத்தியிருக்கும் ஜியோபோனைத் தொடாதீர்கள். ஒரு அடி நகர்ந்தாலும் கணக்கு தவறும். பதிவு நடக்கும் சில நிமிடங்கள் பம்புசெட்டையும் ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னால் நிறுத்திக்கொடுங்கள். தெளிவான எதிரொலிக்கு அது பெரிய உதவி. வெடித் துளை போடுவதாக இருந்தால் உங்கள் கிணறு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், வேலை முடிந்ததும் துளையை மூடிவிட்டார்களா என்று பாருங்கள். பதிவுகள் எப்போது, எங்கே பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.